கால் அங்குலம்

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் பையின் அடியிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். வகுப்பில் "டால் டேல்" பாடம் ஆரம்பித்திருக்கிறார்களாம். பால் பன்யன், பெக்கோஸ் பில், ஜான் ஹென்றி, கேசி ஜோன்ஸ், டேவி க்ராக்கெட், ஜானி ஆப்பிள்சீட் என்று அமெரிக்கக் கதை நாயகர்கள் ஆறு பேர் பட்டியலில் இருந்தார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து மூன்று வாரத்துக்குள் போஸ்டர் செய்துகொண்டு போக வேண்டும். குறைந்தது மூன்று இடத்தில் மிகைப்படுத்தல் இருக்க வேண்டும், அதற்குத் தனி மதிப்பெண்.

"டால் டேலுக்குத் தமிழ்ல என்னம்மா?"

அண்டப்புளுகு என்றேன். அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துப்போய் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. யாராவது இப்படி அளந்தால் நாங்கள் "ரீல் விடாதே" என்போம். அவளுக்கு ரீல் என்றால் போனில் விரலால் தள்ளிக்கொண்டே போவது. சினிமாக் கொட்டகை, படப்பெட்டி, சுருள் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். சரி, ரீலை ரீலிலேயே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். நூலகத்தில் இரண்டு டிவிடி கிடைத்தது. மிச்சத்தை அங்கே இங்கே தேடிப் பிடித்தேன். மூன்று வார இறுதிகள் அதிலேயே போயின.

ஒவ்வொரு படம் முடிந்ததும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவர் செத்துட்டாரா?"

எட்டு வயதுக் குழந்தை சாவைப் பற்றி இவ்வளவு கேட்கிறதே என்று முதலில் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. நாலாவது படம் வந்தபோது இதைவிடச் சரியான கேள்வி இல்லை என்று தோன்றியது. இந்த ஆட்களைத் திரைக்குக் கொண்டுவந்த எல்லாருக்கும் இதே கேள்வி தலைவலியாக இருந்திருக்கிறது.

முதலில் பால் பன்யன். 1958இல் டிஸ்னி எடுத்த 17 நிமிடக் கார்ட்டூன். ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மெய்ன் மாநிலக் கடலோரத்தில் புயலுக்குப் பிறகு தொட்டிலோடு ஒரு ராட்சசக் குழந்தை ஒதுங்குகிறது. வளர்ந்து மரம் வெட்டுகிறான், பனியில் உறைந்து கிடந்த நீல எருதைக் காப்பாற்றி வைத்துக்கொள்கிறான், நடந்த இடமெல்லாம் ஏரி, தோண்டிய இடமெல்லாம் ஆறு. என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஜோ மஃபா என்ற குள்ளமான ஆள் நீராவி ரம்பத்தோடு வருகிறான். போட்டி நடக்கிறது. பன்யனும் எருதும் ஒரு பக்கம், எந்திரம் ஒரு பக்கம். அடுக்கிய மரக்குவியலை அளந்து பார்க்கிறார்கள். பன்யன் கால் அங்குலத்தில் தோற்கிறான்.

கால் அங்குலம்! அந்த உடம்புக்குக் கால் அங்குலம் என்பது கண்ணில் படுமா? படம் அந்த அளவை அழகாகக் காட்டுகிறது. தோற்றவன் அழவில்லை, சண்டை போடவில்லை. கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு எருதோடு அலாஸ்காவுக்கு நடந்துவிடுகிறான். வடக்கு வானத்தில் தெரியும் ஒளி, அவர்கள் இருவரும் பனியில் புரண்டு விளையாடுவதுதான் என்று படம் முடிகிறது.

"செத்துட்டாரா?"

"இல்லடா. அலாஸ்கா போயிட்டார்."

அவளுக்கு நிம்மதி. எனக்கு ஒரு சின்ன உறுத்தல். பன்யன் கதைகளை மரவெட்டிகள் முகாம்களில் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் இன்று நாம் அறிந்த பன்யனை நாடு முழுக்கக் கொண்டுபோனது ஒரு மரக் கம்பெனியின் விளம்பரப் புத்தகம். மினியாபோலிஸில் இருந்த ரெட் ரிவர் லம்பர் கம்பெனிக்காக டபிள்யூ. பி. லாஃப்ஹெட் என்பவர் 1914இல் கதைகளைத் தொகுத்து எழுதி, படமும் வரைந்து கொடுத்தார். முறுக்கிய மீசை வைத்த அந்த முகம்தான் கம்பெனியின் முத்திரை ஆனது. ரிச்சர்ட் டார்சன் என்ற நாட்டார் வழக்காற்று அறிஞருக்கு இதைப் பார்த்து எரிச்சல் வந்து, 1950இல் இப்படிப்பட்ட சரக்குக்கென்றே ஒரு சொல்லை உருவாக்கினார். ஃபேக்லோர். தமிழில் போலி வழக்காறு என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு டார்சன் அளவுக்குக் கோபம் இல்லை. பொய் எங்கிருந்து வந்தால் என்ன, ருசியாக இருந்தால் சரி. ஆனால் விளம்பர முத்திரையைச் சாகடிக்க முடியாது என்பது இந்தப் பின்னணி தெரிந்த பிறகுதான் புரிந்தது. மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் வெள்ளைப் பைன் காடுகள் சில பத்தாண்டுகளில் மொட்டையாயின. காடு தீர்ந்தது. வெட்டியவன் மட்டும் சிரித்துக்கொண்டே வடக்கே போய்விட்டான்.

அடுத்தது கேசி ஜோன்ஸ். இவர் நிஜமான ஆள். ஜான் லூதர் ஜோன்ஸ் என்ற ரயில் டிரைவர், இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே. 1900 ஏப்ரல் 29ஆம் தேதி ராத்திரி மெம்ஃபிஸிலிருந்து வண்டி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று 382ஆம் எண் எஞ்சினை விரட்டிக்கொண்டு வந்தார், கிட்டத்தட்ட பிடித்தும்விட்டார். மிசிசிப்பியில் வான் என்ற ஊரில் ஒரு கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டிகள் இன்னும் மெயின் லைனிலேயே நின்றுகொண்டிருந்தன. ஃபயர்மேன் சிம் வெப்பைக் குதிக்கச் சொல்லிவிட்டுக் கேசி மட்டும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். பயணிகள் எல்லாரும் பிழைத்தார்கள். இறந்தது அவர் ஒருவர்தான். வயது 37. அவருடைய கடிகாரம் விடியற்காலை 3.52க்கு நின்றிருந்தது.

கேன்டன் ஷெட்டில் எஞ்சின் துடைக்கும் வேலை பார்த்த வாலஸ் சாண்டர்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி அவரைப் பற்றிப் பாட்டு கட்டினார். சில வருடங்களில் அந்தப் பாட்டு வேறு ஆட்கள் கைக்குப் போய், அச்சில் ஏறி, ஊரெல்லாம் பாடியது. வேறு லைனில் பிள்ளைகளுக்கு இன்னொரு அப்பா இருக்கிறார் என்று அம்மா சொல்வதாக ஒரு வரி அதில் சேர்ந்துகொண்டது. கேசியின் மனைவி ஜேனி கடைசிவரை அந்த வரியை மறுத்துக்கொண்டே இருந்தார். புருஷன் செத்ததுமல்லாமல் இது வேறு.

டிஸ்னி 1950இல் இதை ஒரு கூத்தாகவே எடுத்தது. வெள்ளம், திருடர்கள், டைனமைட், எல்லாவற்றையும் தாண்டி வண்டி பறக்கிறது. மோதலும் வருகிறது, எஞ்சின் நொறுங்குகிறது. அடுத்த காட்சியில் கிழிந்த சட்டையும் மிச்சமிருக்கும் இரும்புமாகக் கேசி ஸ்டேஷனுக்குள் வந்து சேர்ந்துவிடுகிறார். சரியான நேரத்துக்கு, கிட்டத்தட்ட.

"சாகலை!" என்று மகள் கை தட்டினாள். நான் நிஜக் கதையைச் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டு நேரம், மூட வேண்டிய பாத்திரம் நிறைய இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டேவி க்ராக்கெட் விஷயம் இன்னும் வேடிக்கை. 1954 டிசம்பரில் ஆரம்பித்து 1955 பிப்ரவரிவரை, டிஸ்னி தன் டிவி நிகழ்ச்சியில் மூன்றே மூன்று பாகங்கள் காட்டியது. ஃபெஸ் பார்க்கர் என்ற நெடிய ஆள்தான் க்ராக்கெட். நாடே பைத்தியமாகிவிட்டது. ரக்கூன் வால் தொங்கும் தொப்பி போடாத பையன் அந்த வருடம் அமெரிக்காவில் இல்லை என்பார்கள். பாட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. இவ்வளவு பெரிய வெற்றி வரும் என்று எதிர்பார்க்காமல் மூன்றாவது பாகத்திலேயே க்ராக்கெட்டை, டெக்சஸில் மெக்சிகோ படையோடு நடந்த சண்டையில் அவர் செத்த அலமோ கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் இருப்பது மூன்று படமும் ஒரு செத்த ஹீரோவும் என்று வால்ட் டிஸ்னி புலம்பியதாகச் சொல்வார்கள். அப்புறம் என்ன? பிப்ரவரியில் செத்தவர் நவம்பரில் படகுப் போட்டிக்கு வந்துவிட்டார். பழைய கதை என்று சொல்லி இன்னும் இரண்டு பாகம் எடுத்தார்கள்.

அந்த மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சியை நாங்கள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தோம். தோட்டா தீர்ந்துவிட்டது. க்ராக்கெட் மதிலருகே நின்று துப்பாக்கியையே தடியாகச் சுழற்றுகிறார், எதிரிகள் ஏறி வந்துகொண்டே இருக்கிறார்கள். சுழற்றுகிறார், சுழற்றுகிறார், அதோடு கொடிக்கு மாறிவிடுகிறது. விழவே இல்லை.

"இப்ப செத்தாரா இல்லையா?"

"செத்தார். ஆனா காட்டலை."

"ஏன் காட்டலை?"

தொப்பி விற்க வேண்டுமே என்று சொல்லியிருக்கலாம்.

க்ராக்கெட் உயிரோடு இருக்கும்போதே தன்னைப் பற்றிய அண்டப்புளுகை நேரில் பார்த்தவர். டென்னசியிலிருந்து தேர்வான காங்கிரஸ் உறுப்பினர். 1830இல் பூர்வகுடிகளைத் துரத்தும் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். அதைப் பேச மறந்துவிடுகிறோம், அந்த டிஸ்னி தொடர் மறக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். அவரை மனதில் வைத்து எழுதப்பட்ட ஒரு நாடகம் 1831இலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நிம்ராட் வைல்ட்ஃபயர் என்ற காட்டுமனிதக் காங்கிரஸ்காரனாக ஜேம்ஸ் ஹேக்கெட் காட்டுப்பூனைத் தோல் தொப்பியோடு மேடையேறுவார். 1833 டிசம்பரில் வாஷிங்டனில் அந்த நாடகத்துக்குக் க்ராக்கெட்டே போய் உட்கார்ந்தார். நடிகர் அவரைப் பார்த்துக் குனிந்து வணங்க, அவர் எழுந்து பதில் வணக்கம் சொன்னாராம். அசலும் நகலும் மாற்றி மாற்றிக் கும்பிட்ட அந்த நிமிடம் எனக்கு மிகவும் பிடித்தது. அலமோவில் 1836 மார்ச் 6ஆம் தேதி அவர் இறக்க இன்னும் இரண்டேகால் வருடம் இருந்தது.

எப்படி இறந்தார் என்பதில்தான் தகராறு. மெக்சிகோ படையில் இருந்த தெ லா பெஞா என்ற அதிகாரியின் குறிப்புகள், க்ராக்கெட் உட்படச் சிலர் பிடிபட்டுப் பிறகு கொல்லப்பட்டதாகச் சொல்கின்றன. 1975இல் அது ஆங்கிலத்தில் வந்தபோது பலருக்குக் கோபம் வந்தது. துப்பாக்கியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் மனிதரைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். 1960 படத்தில் க்ராக்கெட்டாக நடித்த ஜான் வெய்ன் ஈட்டிக் குத்து வாங்கிக்கொண்டே வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைத்துவிட்டுத்தான் செத்தார். 2004இல் வந்த அலமோ படம் தைரியம் காட்டியது. க்ராக்கெட்டாக வரும் பில்லி பாப் தார்ன்டன் மண்டியிட்டு, கை கட்டப்பட்டு, மெக்சிகோ படைத்தலைவர் சான்டா அன்னா முன்னால் இருக்கிறார். உயிர்ப்பிச்சை கேட்கச் சொல்கிறார்கள். அவரோ, நீங்கள் சரணடைந்தால் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார். கடைசியில், நான் கொஞ்சம் அலறுகிற ஆள் என்று எச்சரிக்கை வேறு. இதே படத்தில் இன்னொரு இடம் உண்டு. வெறும் டென்னசி டேவிட்டாக இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரேறிக் குதித்திருப்பேன், ஆனால் அந்த டேவி க்ராக்கெட்டை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்கிறார். படம் ஓடவில்லை. மகளுக்கு இதைக் காட்டவில்லை, நான் மட்டும் பார்த்தேன். இத்தனை க்ராக்கெட்டுகளில் எனக்கு மனதில் நிற்பவர் இவர்தான்.

மற்ற இருவரையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஜானி ஆப்பிள்சீட்டும் பெக்கோஸ் பில்லும் 1948இல் வந்த ஒரே டிஸ்னி படத்தில் இருக்கிறார்கள். ஜானி, அதாவது ஜான் சாப்மன், 1774இல் மாசசூசெட்ஸில் பிறந்து 1845இல் இந்தியானாவில் இறந்த நர்சரிக்காரர். விதை போட்டு வளர்க்கும் ஆப்பிள் பெரும்பாலும் வாயில் வைக்க முடியாத புளிப்பு. அது சைடர் என்ற மதுவுக்குத்தான் லாயக்கு. படத்தில் எல்லாரும் பை சுட்டுச் சாப்பிடுகிறார்கள், மதுவின் வாடையே இல்லை. ஆனால் அவர் சாவை மட்டும் மறைக்காமல் காட்டியிருக்கிறார்கள். மரத்தடியில் படுத்தவரைக் காவல் தேவதை எழுப்புகிறது. எழுந்து நின்று, கீழே கிடக்கும் தன் உடம்பைத் தானே பார்க்கிறார். மேலே ஆப்பிள் மரம் இல்லை, வா என்கிறது தேவதை. வானத்து மேகமெல்லாம் ஆப்பிள் பூ. "இது பரவால்ல" என்றாள் மகள்.

கௌபாயான பெக்கோஸ் பில் சாகவில்லை. மனைவியாக வர வேண்டிய ஸூ, குதிரை தூக்கி எறிந்ததில் பாவாடைக்குள் வைத்த கம்பிச்சுருள்மேல் குதித்துக் குதித்து நிலாவுக்கே போய்விடுகிறாள். பில் ஓநாய்களோடு சேர்ந்து நிலாவைப் பார்த்து ஊளையிடுகிறான். இதில் செத்தது அவனுடைய சிகரெட்தான். 1998இல் வீடியோ கேசட்டில் வெளியிட்டபோது அதை ஒவ்வொரு ஃப்ரேமாக அழித்து, அழிக்க முடியாத பகுதிகளை வெட்டி எடுத்தார்கள். கை உதட்டுக்குப் போகிறது, உதட்டில் ஒன்றும் இல்லை.

இனி ஜான் ஹென்றி. மகள் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். காரணம் கேட்டேன். "ஜானியைத் தவிர மத்தவங்க எல்லாம் சாகலை, இல்லன்னா சாகறத காட்டலை. இவர் ஜெயிச்சிட்டுச் செத்தார். ஏன்னு தெரியணும்" என்றாள்.

அவரைப் பற்றிய நாட்டுப்பாட்டு சொல்லும் கதையை முதலில் சொல்கிறேன். 1870களின் ஆரம்பம். செசபீக் அண்ட் ஒஹையோ ரயில்வே மலையைக் குடைந்து பாதை போடுகிறது. பாறையில் நீளமாகத் துளை போட்டு, அதில் வெடிமருந்து அடைத்து உடைக்க வேண்டும். துளை போடுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் எஃகு உளியைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் நடுவே உளியைக் கொஞ்சம் ஆட்டித் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கல்தூள் அடைத்து உளி சிக்கிக்கொள்ளும். அடிப்பவர் குறி ஒரு தடவை தவறினால் பிடிப்பவர் கை போய்விடும். பாட்டு தாளத்துக்காக மட்டும் பாடியதில்லை, அடுத்த அடி எப்போது விழும் என்று தெரிந்துகொள்வதற்காகவும்தான். நீராவியில் ஓடும் துளைபோடும் எந்திரம் வருகிறது. ஜான் ஹென்றி சவால் விடுகிறார். அவர் போட்டது 14 அடி, எந்திரம் போட்டது 9 அடி. சம்மட்டியைக் கையில் வைத்துக்கொண்டே செத்துப்போகிறார். சம்மட்டியின் எடை மட்டும் பாடுபவர்களைப் பொறுத்து 9 பவுண்டிலிருந்து ஏறிக்கொண்டே போகும்.

1946இல் ஜார்ஜ் பால் இதை மரப்பொம்மைப் படமாக எடுத்தார். ஹங்கேரியிலிருந்து வந்தவர். அதற்கு முன் அவர் எடுத்த ஜாஸ்பர் படங்களில் கறுப்பினச் சிறுவனைக் கேலிச்சித்திரமாகக் காட்டியதற்குக் கடும் விமர்சனம் வந்தது. அதற்குப் பதில்போல வந்த இந்தப் படத்தில் ஜான் ஹென்றி கம்பீரமாக நிற்கிறார். இங்கி-பூ என்ற எந்திரத்தைத் தோற்கடித்துச் சாகிறார். ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. டிஸ்னிக்கு ஜான் ஹென்றி படம் எடுக்க 2000 வரை ஆயிற்று. மார்க் ஹென் இயக்கிய பத்து நிமிடச் சித்திரம். மனைவி பாலி கதை சொல்கிறாள். அவர் கையில் இருக்கும் சம்மட்டி, அவரைக் கட்டியிருந்த அடிமைச் சங்கிலியை உருக்கிச் செய்தது. நிலம் தருகிறோம் என்ற வாக்குறுதிக்காகக் கூட்டமாக வேலை செய்கிறார்கள். எந்திரம் வந்ததும் அந்த நிலம் கைநழுவப் பார்க்கிறது. மலையை உடைத்து வெளிச்சம் வரும்போது அவர் விழுகிறார். என் மகள் அன்றைக்குக் கேள்வியைக் கேட்கவில்லை. பாட்டு முடிகிறவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கிலி சம்மட்டியான விஷயம் யாரோ உட்கார்ந்து யோசித்தது என்று தெரிகிறது. நல்ல யோசனைதான். ஆனால் நிலத்துக்காக, கூட்டாளிகளுக்காக, அடுத்த தலைமுறைக்காக என்று ஒரு காரணம் கொடுத்துவிட்டால் அந்தச் சாவு தியாகமாகிவிடுகிறது. பாறை உடைத்தவர்கள் பாடிய சம்மட்டிப் பாட்டுகளில் தியாகம் இல்லை. இந்தச் சம்மட்டி ஜான் ஹென்றியைக் கொன்றது, என்னைக் கொல்லாது என்றுதான் வருகிறது. அந்தப் பாட்டுகளை மெதுவாகப் பாடுவார்கள். மேஸ்திரி விரட்டினாலும் கை பாட்டின் வேகத்தில்தான் போகும். அவரைப் போல நீயும் அடி என்று பாட்டு சொல்லவில்லை. அவரைப் போல அடித்தால் என்ன ஆகும் என்று சொல்கிறது.

இதை எனக்குக் காட்டியது ஸ்காட் ரெனால்ட்ஸ் நெல்சன் என்ற வரலாற்றாசிரியர். 2006இல் வந்த அவருடைய புத்தகம் ஜான் ஹென்றியைத் தேடிப் போகிறது. பாட்டில் ஒரு வரி உண்டு: அவரை வெள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் மணலில் புதைத்தார்கள், போகிற ரயிலெல்லாம் உறுமிக்கொண்டு போகிறது. அந்த வெள்ளை வீடு, வர்ஜீனியாவில் எங்கள் ஊரான ரிச்மண்டின் சிறைக்குள் இருந்த ஒரு கட்டடம் என்கிறார் நெல்சன். அங்கே 1992இல் ஏறத்தாழ 300 பேருடைய எலும்புகள் கிடைத்தன. சிறைப் பதிவேட்டில் ஜான் வில்லியம் ஹென்றி என்ற பெயர் இருக்கிறது. வயது 19, திருட்டு வழக்கு, 10 வருடத் தண்டனை. உயரம் 5 அடி 1¼ அங்குலம்.

இங்கேயும் ஒரு கால் அங்குலம். படித்தபோது சிரிப்பு வந்தது, உடனே நின்றும்விட்டது.

கைதிகளை ரயில்வேக்கு வாடகைக்கு விட்டார்கள். திருப்பி அனுப்பாத ஒவ்வொரு கைதிக்கும் 100 டாலர் அபராதம் என்று ஒப்பந்தம் இருந்ததால், செத்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்பது நெல்சனின் வாதம். போட்டி முடிந்த அன்றே நெஞ்சடைத்து விழவில்லை, கல்தூள் நுரையீரலில் படிந்து பலரும் செத்தது போலத்தான் அவரும் செத்திருப்பார் என்கிறார். எந்திரமும் கைதிகளும் ஒன்றாக வேலை செய்தது லூயிஸ் சுரங்கப்பாதையில், வர்ஜீனியா எல்லையோரம். பலரும் நம்புவது போல மேற்கு வர்ஜீனியாவின் பிக் பெண்ட் சுரங்கப்பாதையில் இல்லை என்பதும் அவருடைய வாதம். இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். அதே பெயரில் வேறு ஆள் இருந்திருக்கலாம்தான். ஆனால் அந்தச் சிறை இருந்த இடம் நான் தினமும் வேலைக்குப் போகும் பெல்விடியர் தெருவில். சிக்னலில் நிற்கும் இடம். நான் வந்த வருடத்திலிருந்து அங்கே புல்வெளியும் ஒரு கம்பெனிக் கட்டடமும்தான்.

போஸ்டர் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருந்தபோது, அந்தப் பிக் பெண்ட் இருக்கும் டால்கட் என்ற ஊருக்குப் போனோம். நாலு மணி நேர டிரைவ். கிரீன்பிரயர் ஆறு வளைந்து போகும் இடத்தில் மலையடிவாரத்தில் சுரங்கப்பாதையின் வாய். பழையது 1870களில் கையால் குடைந்தது, பக்கத்திலேயே 1932இல் குடைந்த இன்னொன்று. பழையதில் இப்போது வண்டி போவதில்லை. கிட்டே போனதும் உள்ளேயிருந்து ஈரக்காற்று வந்து முகத்தில் பட்டது. பார்க்கில் 1972இல் வைத்த வெண்கலச் சிலை நிற்கிறது. சட்டையில்லாத மார்பு, கையில் சம்மட்டி, எட்டடி உயரம். நிஜத்தில் எங்கே நடந்தது என்ற தகராறு எதுவும் சிலைக்குத் தெரியாது. மகள் சிலையின் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவர் இடுப்புவரைகூட எட்டவில்லை.

திரும்பி வரும் வழியில் பின்சீட்டிலிருந்து கேட்டாள்.

"பால் பன்யன் தோத்துட்டு அலாஸ்கா போனாரே. ஜான் ஹென்றி ஏன் போகலை?"

அலாஸ்கா தூரம் என்று ஆரம்பித்தேன். பிறகு, அவரால் போக முடியாது என்றேன். ஏன் என்றாள். அவரைப் போக விடமாட்டார்கள், அவர் ஜெயிலில் இருந்தவர் என்று ஒரு பெரியவர் சொல்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. லூயிஸ்பர்க் தாண்டியபோது, "தோத்தவர் போகலாம், ஜெயிச்சவர் போக முடியாதா? அது நியாயமே இல்லை" என்றாள். பிறகு தூங்கிவிட்டாள். நான் ரிச்மண்ட் வரை அதையே யோசித்துக்கொண்டு ஓட்டினேன். இரண்டும் ஒரே கதை. மனிதன், கருவி, எந்திரம், ஒரு போட்டி, ஓர் அளவுகோல். 1958 படத்தில் கால் அங்குலம் குறைவாக வெட்டியவனுக்கு முன்னால் ஒரு மாநிலமே காலியாகக் கிடக்கிறது. ஐந்தடி அதிகமாகத் துளைத்தவனுக்கு மலை தவிர வேறு இடம் இல்லை.

1995இல் டிஸ்னியே இவர்களை ஒன்றாக நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறது. பேட்ரிக் ஸ்வேஸி பெக்கோஸ் பில், ஆலிவர் பிளாட் பால் பன்யன், ரோஜர் ஆரன் பிரவுன் ஜான் ஹென்றி. ஒரு சிறுவனின் அப்பாவுடைய நிலத்தைக் காப்பாற்ற மூவரும் வருகிறார்கள். தியேட்டரில் ஓடாத படம். எங்கள் வீட்டில் மூன்று தடவை ஓடியது. அதில் ஜான் ஹென்றி உயிரோடு இருக்கிறார், வெயிலில் நடக்கிறார், நண்பர்களோடு சண்டை போடுகிறார். பாட்டுக்கு அது துரோகம்தான். ஆனால் டால்கட் போய் வந்த ராத்திரி அவளே அதைப் போடச் சொன்னாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

போஸ்டரில் மிகைப்படுத்தல் மூன்று வேண்டும் அல்லவா? பிறந்ததும் பேசினார் என்று ஒன்று எழுதினாள். சம்மட்டி அடித்தால் பூமி நடுங்கும் என்று இரண்டாவது. மூன்றாவதாக உயரத்தை எழுத வேண்டிய இடத்தில் 5 அடி 1¼ அங்குலம் என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது மிகைப்படுத்தல் இல்லையே, மார்க் போயிடுமே" என்றேன்.

"போகட்டும். இது எவ்வளவு உயரம்னு எனக்குத் தெரியலை."

சமையலறைக் கதவு நிலையில் அவளுடைய உயரத்தை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, டேப்பைப் பிடித்து, 5 அடி 1¼ அங்குலத்தில் ஒரு கோடு போட்டு "ஜா.ஹெ." என்று எழுதினாள். பிறகு என்னைக் கூப்பிட்டு நிலையில் முதுகை ஒட்டி நிற்கச் சொன்னாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். தலைமேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, நீ அவரைவிட முக்கால் அங்குலம் உயரம்."